வேலையை விடாமல், சென்னையிலிருந்தே, கட்டுப்படியாகும் செலவில் வெளிநாட்டு ஆன்லைன் கம்ப்யூட்டர் பட்டம்: முழுமையான வழிகாட்டி

சோழிங்கநல்லூரிலோ கிண்டியிலோ எட்டு, பத்து வருடமாக மென்பொருள் வேலை பார்க்கிறீர்கள். கையில் இருப்பது பி.எஸ்சி. இயற்பியலோ, மெக்கானிக்கலோ, பாலிடெக்னிக் டிப்ளமோவோ, அல்லது அரியரோடு நின்றுபோன பி.இ.யோ. குடும்பத்தையும் வீட்டுக் கடனையும் விட்டுவிட்டு வெளிநாடு போய்ப் படிக்க முடியாது, ஆனால் பட்டம் வேண்டும். இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். நான் இந்த வழியில் ஒரு முதுநிலைப் பட்டத்தை முடித்தேன், அப்புறம் பலருக்கு விண்ணப்பத்தில் கூட உட்கார்ந்து உதவியிருக்கிறேன். படிப்பு கஷ்டம் என்று திணறியவர்களைவிட, செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்து பணத்தையும் ஒரு வருடத்தையும் தொலைத்தவர்கள்தான் அதிகம். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. பட்டத்தை யாரிடம் காட்டப்போகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

பல்கலைக்கழகப் பட்டியலைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஏனென்றால் ஒரே பட்டத்தை ஒரு இடத்தில் ஏற்பார்கள், இன்னொரு இடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

தனியார் நிறுவனத்தில் பதவி உயர்வோ அடுத்த வேலையோதான் இலக்கு என்றால் நல்ல பெயருள்ள, முறையான அங்கீகாரம் உள்ள எந்த வெளிநாட்டு ஆன்லைன் பட்டமும் பெரும்பாலும் செல்லும். இப்போதைய நிறுவனத்தின் எச்ஆரிடம் ஒரு வரி மெயில் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படிப்புச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் திட்டம் இருக்கிறதா என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள், சேர்ந்த பிறகு கேட்டால் முன்அனுமதி இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

அரசு வேலை, கல்லூரி ஆசிரியர் பணி, இங்கே பிஎச்டி என்ற எண்ணம் இருந்தால் நிலைமை வேறு. வெளிநாட்டுப் பட்டம் நம் நாட்டுப் பட்டத்துக்கு இணையானது என்ற சமநிலைச் சான்று கேட்பார்கள், முழுக்க ஆன்லைனில் படித்த பட்டத்துக்கு அது கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் யாரும் சேரக் கூடாது. இந்த இலக்கு உள்ளவர்களுக்கு ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ்., இக்னோவின் பிசிஏ, எம்சிஏ போன்றவையே நல்லது, செலவும் குறைவு.

இன்னொன்று, இதில் ஏமாறுகிறவர்கள் நிறைய. முழுக்க ஆன்லைனில் நடக்கும் அமெரிக்கப் படிப்புக்கு எஃப்-1 மாணவர் விசா கிடைக்காது, படித்து முடித்ததும் அங்கே வேலை செய்யும் ஓபிடி அனுமதியும் கிடையாது. அமெரிக்கா போவதற்கான படிக்கல்லாக இதைப் பார்த்தால் கணக்கு தப்பும்.

2. உங்கள் கையில் இருக்கும் படிப்பு எந்த நிலை என்று பாருங்கள்

நான்கு வருட பி.இ., பி.டெக். முடித்தவர்கள், எந்தப் பிரிவாக இருந்தாலும், நேரடியாக முதுநிலைக்குப் போகலாம். இரண்டாவதாக ஒரு இளநிலைப் பட்டம் வாங்குவது அவர்களுக்கு வீண் செலவு. பத்துப் பாடத்தில் முடிகிற முதுநிலையை விட்டுவிட்டு நாற்பது பாடத்தில் யாராவது உட்காருவார்களா?

மூன்று வருட பி.எஸ்சி., பிசிஏ படித்தவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மொத்தம் பதினாறு வருடப் படிப்பை எதிர்பார்க்கின்றன, சில இடங்களில் மூன்று வருடப் பட்டத்தையும் ஏற்கிறார்கள். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் சேர்க்கை அலுவலகத்துக்கு மார்க் ஷீட்டோடு மெயில் எழுதிக் கேளுங்கள். எம்சிஏவும் முடித்திருந்தால் இந்தக் கவலை வேண்டாம்.

பிளஸ் டூ, டிப்ளமோவோடு வேலைக்கு வந்தவர்களுக்கு மூன்று வழிகள் நன்றாகப் பொருந்துகின்றன. ஐஐடி மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். 2020-இல் தொடங்கியது. ஜேஇஇ வேண்டாம், வயது வரம்பு இல்லை, நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம், நடுவில் நிறுத்தினாலும் சான்றிதழ், டிப்ளமோ, பி.எஸ்சி. என்று ஒவ்வொரு நிலையிலும் ஏதாவது கையில் வரும். லண்டன் பல்கலைக்கழகம் கோர்செரா வழியாக நடத்தும் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸில், நேரடித் தகுதி இல்லாதவர்கள் முதலில் சில பாடங்களைத் தேறிக் காட்டி உள்ளே வரும் வழி இருக்கிறது. மூன்றாவது யூனிவர்சிட்டி ஆஃப் தி பீப்பிள். கற்பிப்பதற்குக் கட்டணம் இல்லை என்று சொன்னாலும் ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பீட்டுக் கட்டணம் உண்டு, ‘இலவசம்’ என்ற ஒரு வார்த்தையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

அரியர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நான்கு வருடம் படித்து இரண்டு, மூன்று தாளில் நிற்கிறீர்கள் என்றால் புதுப் பட்டம் தேடுவதற்கு முன் அதை முடிக்க முடியுமா என்று பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் காலக்கெடு முடிந்த பழைய மாணவர்களுக்கும் சிறப்பு வாய்ப்பு அறிவித்திருக்கிறது. கணிதம் மூன்றாம் தாளை ஒரு தடவை முட்டி மோதி முடித்துவிட்டால் நேராக முதுநிலைக்குப் போய்விடலாம், நான்கு வருடமும் சில லட்சமும் மிச்சம்.

கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் எம்.எஸ். போல, இளநிலைப் பட்டமே கேட்காமல், முதல் சில பாடங்களில் வாங்கும் மதிப்பெண்ணை வைத்துச் சேர்த்துக்கொள்ளும் முதுநிலைகளும் வந்துவிட்டன. படிப்பு உண்மையிலேயே தரமானது. ஆனால் நம் ஊர் எச்ஆர் படிவத்தில் ‘யுஜி’ என்ற கட்டம் காலியாகவே இருக்கும், அதை நினைவில் வைத்து முடிவெடுங்கள்.

3. பெயரையும் சான்றிதழ்களையும் சரிசெய்யுங்கள்

நம் ஊர்க்காரர்கள் அதிகமாக மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘முருகன் எஸ்’, பட்டத்தில் ‘எஸ். முருகன்’, பாஸ்போர்ட்டில் பெயர் முருகன், குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் ‘சண்முகம்’, ஆதாரில் வெறும் ‘முருகன்’. நமக்கு இது ஒரே ஆள் என்று பார்த்த உடனே தெரியும். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கணினிக்குத் தெரியாது. ஆங்கிலத் தேர்வான டோஃபலின் மதிப்பெண் ஒரு பெயரில் வரும், விண்ணப்பம் இன்னொரு பெயரில் கிடக்கும், இரண்டும் ஒட்டாமல் ‘ஆவணம் வரவில்லை’ என்று பல வாரம் காட்டிக்கொண்டிருக்கும்.

பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தேர்வு, விண்ணப்பம், வங்கிப் பரிமாற்றம் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து அதே பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டமே காலியாக இருந்தால், புதுப்பிக்கும்போது இனிஷியலை விரித்துச் சேர்த்துவிடுவது நல்லது, இதற்காகவே புதுப்பித்தாலும் தப்பில்லை. பழைய மார்க் ஷீட்டோடு வரும் வித்தியாசத்துக்கு, இரண்டு பெயரும் ஒரே நபரைத்தான் குறிக்கின்றன என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் போட்டு, ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரையே மாற்றியிருந்தால் தமிழ்நாடு அரசு கெஜட் பக்கமும் வேண்டும்.

அடுத்தது சான்றிதழ். படித்து முடித்துப் பத்து வருடம் ஆகியும் ப்ரொவிஷனல் சான்றிதழோடு காலம் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர். பட்டமளிப்பு விழாவுக்குப் போகவில்லை, ஒரிஜினல் பட்டம் இன்னும் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ தூங்கும். முதலில் அதைப் போய் வாங்குங்கள். அப்புறம் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணையும் ஒன்றாகச் சேர்த்துத் தரும் அதிகாரப்பூர்வப் பதிவு. அண்ணா பல்கலைக்கழக மாணவர் என்றால் கிண்டி, சென்னைப் பல்கலைக்கழகம் என்றால் சேப்பாக்கம், தன்னாட்சிக் கல்லூரி என்றால் பெரும்பாலும் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம். ஒன்றுக்கு மூன்றாக வாங்குங்கள், கவரை முத்திரையோடு ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஒட்டிய கவரை நீங்கள் பிரித்துவிட்டால் அது செல்லாது, ஆசையாக இருந்தாலும் பிரிக்காதீர்கள். ஸ்கேன் எடுப்பதற்கு உங்களிடம் இருக்கும் மார்க் ஷீட் போதும், பல இடங்களில் விண்ணப்பத்தின்போது ஸ்கேனும் இடம் கிடைத்த பிறகு ஒரிஜினலும்தான் கேட்பார்கள்.

4. பழைய படிப்பையும் அனுபவத்தையும் கிரெடிட்டாக மாற்றுங்கள், சேருவதற்கு முன்பே

இளநிலையில் சேருகிறவர்களுக்குப் பெரிய மிச்சம் இங்கேதான். கிரெடிட் என்பது தேறிய ஒவ்வொரு பாடத்துக்கும் கிடைக்கும் அளவுப் புள்ளி. அமெரிக்க இளநிலைப் பட்டம் வழக்கமாக 120 கிரெடிட், அதில் 90 வரை வெளியிலிருந்து ஏற்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பாதியில் நின்ற பி.இ.யில் தேறிய தாள்களுக்கும், டிப்ளமோவில் சில தாள்களுக்கும் கிரெடிட் கிடைக்க வாய்ப்புண்டு.

வெளிநாட்டுப் படிப்புகளை மதிப்பிட்டு அறிக்கை தரும் டபிள்யூஇஎஸ் போன்ற நிறுவனங்களின் மதிப்பீட்டில் இரண்டு வகை இருக்கிறது. ஆவண அளவிலான மதிப்பீடு உங்கள் பட்டம் எதற்குச் சமம் என்று மட்டும் சொல்லும். கிரெடிட் மாற்றத்துக்கு ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாகக் காட்டும் மதிப்பீடு வேண்டும். விலை குறைவு என்று முதலாவதை வாங்கிவிட்டு மறுபடியும் பணம் கட்டியவர்கள் உண்டு. எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்று பல்கலைக்கழகத்தைக் கேட்ட பிறகுதான் பணம் கட்ட வேண்டும்.

கூடவே பாடத்திட்டப் பிரதியும் கேட்பார்கள். உங்களுடையது 2008 ரெகுலேஷனா, 2013 ரெகுலேஷனா என்று பார்த்துச் சரியான பாடத்திட்டத்தை எடுங்கள். புதியதைக் கொடுத்தால் தாள் எண் மார்க் ஷீட்டோடு பொருந்தாது.

லண்டன் பட்டத்தில், ஏற்கெனவே படித்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற முறை இருக்கிறது, கூகுளின் ஐடி சப்போர்ட் சான்றிதழை வைத்து ஒரு பாடத்தைக் கழித்துக்கொண்டவர்கள் உண்டு. எந்த இடமானாலும் அந்தப் பாடத்துக்குப் பதிவு செய்வதற்கு முன்பே கேட்க வேண்டும், பதிவு செய்து பணமும் கட்டிய பாடத்தைப் பின்னால் கழிக்க மாட்டார்கள். வாய்மொழியாகச் சொன்ன கிரெடிட்டை நம்ப வேண்டாம். எத்தனை கிரெடிட், எந்தெந்தப் பாடத்துக்குப் பதிலாக என்று எழுத்தில் வந்த பிறகு சேருங்கள்.

முதுநிலையில் இந்த வேலை அநேகமாக இல்லை. அங்கே உங்கள் அனுபவம் சேர்க்கைக்கு உதவும், பாடத்தைக் குறைக்காது.

5. பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுங்கள், முழுச் செலவையும் ரூபாயில் எழுதுங்கள்

அங்கீகாரத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்த வலைத்தளத்தில் பார்ப்பது போதாது. அமெரிக்கா என்றால் அந்நாட்டுக் கல்வித் துறையின் அங்கீகாரத் தரவுத்தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். ‘அனுபவத்தை மட்டும் வைத்து ஆறு மாதத்தில் பட்டம்’ என்று போனில் கூப்பிட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். நடுவில் ஒரு நிறுவனம் இருந்து சேர்த்துவிட்டால், பட்டத்தில் யாருடைய பெயர் அச்சாகும் என்று கேளுங்கள்.

முதுநிலையில் செலவுக்கும் பெயருக்கும் சேர்த்து நான் முதலில் சொல்வது அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நடத்தும் ஆன்லைன் எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ், சுருக்கமாக ஓஎம்எஸ்சிஎஸ். 2014-இலிருந்து நடக்கிறது, 10 பாடம், 30 கிரெடிட், மொத்தச் செலவு சுமார் 7,000 முதல் 8,000 டாலர். பட்டத்தில் ‘ஆன்லைன்’ என்ற சொல் இருக்காது. ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் எம்.எஸ். 10,000 டாலர் அளவில் வரும், அதுவும் 30 கிரெடிட்தான்.

செலவைக் கணக்கிடும்போது கிரெடிட் கட்டணத்தை மட்டும் பெருக்கி நிறுத்திவிடாதீர்கள். சில இடங்களில் ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரு கட்டணம் தனியாக வரும். செமஸ்டருக்கு ஒன்றாகப் பத்து செமஸ்டர் படித்தால் அதைப் பத்துத் தடவை கட்டுவீர்கள். இதோடு ஆங்கிலத் தேர்வு, விண்ணப்பக் கட்டணம், டிரான்ஸ்கிரிப்ட், கூரியர், மதிப்பீடு, ஒரு பாடமாவது மறுபடி படிக்க நேரும் என்ற எச்சரிக்கைத் தொகை. டாலர் மூன்று வருடத்தில் ஏறும் என்று வைத்துப் பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த மொத்தத்தைப் பார்த்த பிறகும் மாத பட்ஜெட் தாங்கினால் சரி.

6. ஆங்கிலத் தேர்வு, பரிந்துரைக் கடிதம், விண்ணப்பம்

‘ஆங்கில வழியில் படித்தேன்’ என்ற கல்லூரிக் கடிதத்தைச் சில இடங்களில் ஏற்பார்கள், ஜார்ஜியா டெக்கில் அது செல்லாது. டோஃபல், ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு வருடம்தான் உயிரோடு இருக்கும். அதனால்தான் சான்றிதழ் வேலைகளை முன்னால் வைத்தேன். தேர்வை முதலில் எழுதிவிட்டு டிரான்ஸ்கிரிப்டுக்கு அலைந்தால் மதிப்பெண் காலாவதியாகும் அபாயம் இருக்கிறது. மொத்த மதிப்பெண்ணோடு ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் குறைந்தபட்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள், பேச்சுப் பிரிவில் கொஞ்சம் குறைந்து மறுபடி எழுதியவர்கள் நிறைய.

ஓஎம்எஸ்சிஎஸ்-இல் ஆகஸ்டில் தொடங்க மார்ச் வாக்கிலும், ஜனவரியில் தொடங்க முந்தைய ஆகஸ்ட் வாக்கிலும் விண்ணப்பம் முடிந்துவிடும். மூன்று பரிந்துரையாளர்கள் வேண்டும். நிறுவன லெட்டர்ஹெட்டில் கடிதம் தர எச்ஆர் விடமாட்டார்கள் என்று பல மேனேஜர்கள் தயங்குவார்கள். அவர்களுக்கு ஒரு இணைப்பு வரும், அதில் அவரே நேரடியாக நிரப்பினால் போதும், லெட்டர்ஹெட் அவசியமில்லை என்று விளக்குங்கள். ஜிமெயிலைவிட அலுவலக முகவரி நம்பகமாக இருக்கும். அவருக்கு ஒரு மாதம் முன்பே சொல்லி, நீங்கள் சேர்ந்து செய்த இரண்டு புராஜெக்ட்டுகளை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கடிதத்தை நீங்களே எழுதி அவர் பெயரில் போடுவது ஆபத்து, மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குத் தெரியும்.

கம்ப்யூட்டர் பின்னணி இல்லாதவர்கள் விண்ணப்பத்துக்கு முன் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம் பாடங்களை எங்காவது மதிப்பெண்ணோடு முடித்துக் காட்டுவது நல்லது. பத்து வருட ஜாவா அனுபவம் என்று எழுதுவதைவிட, அந்த ஒரு சான்றிதழ் மெக்கானிக்கல் பட்டதாரிக்கு அதிகம் உதவும்.

7. பணம் அனுப்புதல்

தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், அதனால் வரம்பு நமக்குப் பிரச்சினை இல்லை. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரை, பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் டிசிஎஸ் என்ற வரி கிடையாது. ஒரு வருடத்தில் நீங்கள் அதைத் தாண்டப் போவதில்லை.

கவனிக்க வேண்டியது, பணம் எதற்காகப் போகிறது என்று காட்டும் நோக்கக் குறியீடு. வங்கியின் ஏ2 படிவத்தில் கல்விக்கு இரண்டு குறியீடுகள் உண்டு. வெளிநாடு போய்ப் படிப்பதற்கு எஸ்0305, இங்கிருந்தபடியே அஞ்சல்வழிப் படிப்புக் கட்டணம் போன்றவற்றுக்கு எஸ்1107. கிளையில் பழக்கத்தில் முதலாவதைப் போட்டுவிட்டு, விசாவும், அதற்காக அமெரிக்கப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவமும் எங்கே என்று கேட்டு நிறுத்துவார்கள். சேர்க்கைக் கடிதத்தைக் காட்டி ஆன்லைன் படிப்பு என்று முதலிலேயே சொல்லுங்கள்.

கார்டில் கட்டினால் சுலபம், ஆனால் பல கார்டுகள் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் எடுக்கும். தொகை சிறியது என்றால் வங்கிப் பரிமாற்றத்தின் நிலையான கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கெடு நாளுக்கு ஐந்து வேலை நாள் முன்பே அனுப்புங்கள், பணம் போய்ச் சேராவிட்டால் பதிவு செய்த பாடமே ரத்தாகும்.

8. முதல் செமஸ்டர்

ஒரே ஒரு பாடம் எடுங்கள். வாரத்துக்குப் பத்து முதல் இருபது மணி நேரம் போகும், புரொடக்‌ஷன் ரிலீஸ் வாரத்தில் அதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது முதல் செமஸ்டரில்தான் தெரியும். ஓஎம்எஸ்சிஎஸ்-இல் முதல் 12 மாதத்துக்குள் இரண்டு அடித்தளப் பாடங்களில் பி அல்லது அதற்கு மேல் வாங்க வேண்டும், எனவே முதல் பாடத்தை அந்தப் பட்டியலிலிருந்தே எடுங்கள். புதியவர்களுக்குப் பதிவு கடைசியில்தான் திறக்கும், பிரபலமான பாடங்கள் நிரம்பியிருக்கும். மூன்று மாற்றுப் பாடங்களைக் குறித்து வைத்திருங்கள்.

கெடு நேரத்தைச் சென்னை நேரத்துக்கு மாற்றி நாட்காட்டியில் போடுங்கள். பல பாடங்களில் ‘உலகில் எங்கேயாவது ஞாயிறு முடியும் வரை’ என்ற கணக்கு, அது நமக்குத் திங்கட்கிழமை மாலை 5:29. ஜார்ஜியா டெக் இருக்கும் அட்லாண்டாவின் நேரப்படி என்று போட்டிருந்தால் கோடையில் ஒன்பதரை மணி நேரம், நவம்பரில் கடிகாரத்தை மாற்றிய பிறகு பத்தரை மணி நேரம் வித்தியாசம்.

டிசம்பர் தேர்வு நம் புயல் காலத்தில் வரும். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம், இரண்டும் தேர்வுக் காலத்தில்தான் வந்தன, வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மின்சாரமும் இணையமும் நாள்கணக்கில் இல்லை. நவம்பர் முடிவதற்குள் வீடியோக்களை டவுன்லோட் செய்துவிடுங்கள், தேர்வுக்குக் கொடுக்கும் பல நாள் இடைவெளியில் முதல் நாளே எழுதிவிடுங்கள். வானிலை எச்சரிக்கை வந்தவுடன், மின்சாரம் போவதற்கு முன், ஆசிரியர் குழுவுக்கு எழுதுங்கள். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலையிலிருந்து மதியம் வரை இருக்கும், கேமரா வழியாகக் கண்காணிக்கும் தேர்வை இரவில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையும் இல்லை, வீட்டில் சத்தமும் குறையும். அலுவலக லேப்டாப்பில் கண்காணிப்பு மென்பொருள் ஓடாது, சொந்தக் கணினி வேண்டும், யுபிஎஸ் கட்டாயம்.

அனுபவசாலிகளுக்கு ஒரு எச்சரிக்கை. ஆபீஸில் கோடு எடுத்து ஒட்டுவது அன்றாட வேலை. இங்கே உங்கள் அசைன்மென்ட்டைப் பழைய செமஸ்டர்களின் சமர்ப்பிப்புகளோடும் இணையத்தில் கிடப்பவற்றோடும் ஒப்பிடுவார்கள். பாடத்தின் விதிகளில் ஏஐ உதவி எதுவரை என்று எழுதியிருக்கும், முதல் அசைன்மென்ட்டைத் தொடுவதற்கு முன் அதை ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். வேலையில் நன்றாக இருப்பவர்கள், தப்பு செய்கிறோம் என்றே தெரியாமல் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

கடைசியாக இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் பாடத்தை விட்டால் பணம் திரும்ப வரும். அதற்குப் பிறகு, செமஸ்டர் நடுவில் வரும் இன்னொரு தேதி வரை விலகினால் பணம் போகும், ஆனால் மதிப்பெண் சராசரி அடிபடாது, பதிவேட்டில் ‘டபிள்யூ’ என்று மட்டும் இருக்கும். முதல் இரண்டு அசைன்மென்ட் மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டாவது தேதிக்கு ஒரு வாரம் முன்பு உட்கார்ந்து பாருங்கள். பி வராது என்று தெரிந்தால் விலகிவிட்டு அடுத்த செமஸ்டரில் அதே பாடத்தை எடுங்கள், வீடியோக்களும் குறிப்புகளும் அப்போதும் உங்களிடம் இருக்கும்.